சுற்றுச்சூழல் மாதிரிகளில் கதிரியக்கத்தை அளப்பது எப்படி? கருவிகளும் ஆய்வுமுறைகளும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆற்று நீரிலோ மண்ணிலோ காற்று வடிகட்டித் தாளிலோ எந்தக் கதிரியக்கத் தனிமம் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கண்டறியும் வேலையில் புதிதாக இறங்கும் மாணவர்களும் ஆய்வு முடிவுகளைப் படிக்க வேண்டியவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலோர் கருவியில்தான் தொடங்குகிறார்கள். கருவிக்குள் மாதிரி போவதற்கு முன்பே முடிவின் தரம் ஏறக்குறைய தீர்மானமாகிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் பதில்கள் பலவற்றிலும் வேதியியல் குறுக்கிடும்.

எல்லாவற்றையும் அளக்க ஒரே கருவி இருக்கிறதா?

இல்லை. எந்தக் கதிர் வெளிவருகிறது, அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) எவ்வளவு என்ற இரண்டும்தான் கருவியை முடிவு செய்கின்றன. காமா கதிர் மாதிரியையும் புட்டியையும் ஊடுருவி வெளியே வரும். எனவே மண்ணைக் காயவைத்துச் சலித்து, டப்பாவில் நிரப்பி அப்படியே அளந்துவிடலாம். ஆல்ஃபா துகள் காற்றிலேயே நான்கைந்து சென்டிமீட்டரில் நின்றுவிடும்; மண்துகளுக்குள் சில பத்து மைக்ரோமீட்டர் கூடத் தாண்டாது. பீட்டா இடையில் நிற்கிறது. அதில் இன்னொரு சிக்கலும் உண்டு: குறிப்பிட்ட ஒரே ஆற்றலில் வராமல், சுழியத்திலிருந்து ஒரு உச்ச அளவு வரை பரவி வருவதால், ஆற்றலை மட்டும் பார்த்து ஆளை அடையாளம் காண முடியாது. ஆகவே ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் வேதிப்பிரிப்பு கட்டாயமாகிறது.

கைகர் கருவி போதாதா?

ஓர் இடத்தில் வழக்கத்தைவிட அதிகக் கதிர்வீச்சு இருக்கிறதா என்று தேட உதவும். எந்தத் தனிமம் என்று சொல்லாது. குடிநீரிலோ உணவிலோ கவலைப்பட வேண்டிய அளவுகள் பல, சுற்றுப்புறப் பின்னணிக்குள் மறைந்துபோகும். கைகர் அவற்றைக் காணவே காணாது.

சோடியம் அயோடைடு டிடெக்டரா, ஜெர்மானியமா?

1948இல் ராபர்ட் ஹோஃப்ஸ்டாட்டர் தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகம் காமா கதிர் பட்டால் நன்றாக ஒளிர்வதைக் காட்டினார். அன்று முதல் இன்று வரை அது பயன்பாட்டில் இருக்கிறது. உணர்திறன் அதிகம், குளிர்விக்கத் தேவையில்லை, எடுத்துச் செல்லலாம். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: பிரிதிறன், அதாவது அருகருகே உள்ள ஆற்றல்களைப் பிரித்துக் காட்டும் திறன். சீசியம்-137 தரும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலைச் சொல்லும் அலகு) முகடு, அதாவது ஆற்றல் வரைபடத்தில் அந்தக் கதிர் எழுப்பும் மேடு, அதில் சுமார் 7 சதவீத அகலத்தில், அதாவது ஏறத்தாழ 46 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பரப்பில் விரிந்து கிடக்கும். உயர்தூய ஜெர்மானியத்தில் அதே முகடு ஒன்றரை கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஒடுங்கிவிடும்.

இந்த வேறுபாடு எங்கே உதைக்கும் என்று பாருங்கள். எந்த மண்ணிலும் யுரேனியத்தின் வழிவந்த பிஸ்மத்-214 உண்டு, அது 609.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் முகடு தரும். அணு உலையிலிருந்து வந்த சீசியம்-134 இருந்தால் அதன் முகடு 604.7இல். சோடியம் அயோடைடுக்கு இரண்டும் ஒரே மேடு. இயற்கையாக இருப்பதை விபத்தின் எச்சம் என்றோ, விபத்தின் எச்சத்தை இயற்கை என்றோ தவறாக எழுதிவிடலாம். ஜெர்மானியம் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும். ஒரே தனிமத்தைத் திரும்பத் திரும்ப, வேகமாகச் சோதிக்கும் வேலைக்குச் சோடியம் அயோடைடு போதும். மாதிரியில் என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது ஜெர்மானியம் தவிர வேறு வழியில்லை.

ஜெர்மானியத்தை ஏன் குளிர்விக்க வேண்டும்?

அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது மின்னோட்டம் தர எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல், சுமார் 0.67 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. அறை வெப்பத்திலேயே எலக்ட்ரான்கள் தாண்டிக் கசிவு மின்னோட்டத்தை உண்டாக்கும். காமா கதிரின் சின்னத் துடிப்பு அந்த இரைச்சலில் அமிழ்ந்துவிடும். திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் அந்தக் கசிவை அடக்குகிறது. இப்போது மின்சாரத்தில் குளிர்விக்கும் வகைகளும் பரவலாக வந்துவிட்டன.

டிடெக்டரைச் சுற்றியுள்ள ஈயத்தில் பழைய ஈயம், புதிய ஈயம் என்று பார்ப்பது ஏன்?

ஈயத்திலேயே ஈயம்-210 என்ற கதிரியக்க ஐசோடோப்பு (அதே தனிமத்தின் வேறு நிறையுள்ள அணு) இருக்கும். அதன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டுகள். தாதுவிலிருந்து உருக்கிப் பிரித்த பின் புதிதாக அது சேர வழியில்லை என்பதால், நூறு இருநூறு ஆண்டு கடந்த ஈயத்தில் அது பெரும்பாலும் அழிந்திருக்கும். மிகக் குறைந்த அளவுகளைத் தேடும் ஆய்வகங்கள் மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுத்த ஈயத்தை விரும்புவதற்கு இதுவே காரணம். எஃகிலும் இதே கதைதான்: 1945க்கு முன் உருக்கிய எஃகில் அணுகுண்டுச் சோதனைகளின் சுவடு இருக்காது. ஈயக் கவசத்தின் உட்புறம் தகரத் தகடும் செம்பும் வைப்பது வேறு காரணத்துக்காக. காமா பட்டால் ஈயம் வெளிவிடும் எக்ஸ் கதிர்களை அவை விழுங்கிக்கொள்ளும்.

ரேடியம் அளக்க மண்ணை டப்பாவில் மூடி மூன்று நான்கு வாரம் வைக்கச் சொல்கிறார்களே, அவசியமா?

அவசியம். ரேடியம்-226இன் சொந்த முகடு 186.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. யுரேனியம்-235இன் முகடு 185.7இல். ஜெர்மானியத்தாலும் இவற்றைப் பிரிக்க இயலாது. இயற்கை யுரேனியம் தன் வழித்தோன்றல்களோடு சமநிலையில் உள்ள மண்ணில், அந்த முகட்டின் எண்ணிக்கையில் 40 சதவீதத்துக்கு மேல் யுரேனியத்தினுடையதாக இருக்கும். ஆகவே ரேடியத்தின் பேரப்பிள்ளைகளான ஈயம்-214, பிஸ்மத்-214 இவற்றை அளந்து, அதிலிருந்து ரேடியத்தைக் கணக்கிடுகிறோம்.

ஆனால் நடுவில் ரேடான் வருகிறது. அது வாயு; மண்ணை அரைக்கும்போதும் காயவைக்கும்போதும் ஓடிவிடும். காற்றுப்புகாமல் மூடிவைத்தால் மறுபடி ஊறும். ரேடான்-222இன் அரை ஆயுள் 3.8 நாள் என்பதால் மூன்று வாரத்தில் சுமார் 98 சதவீதம் சேர்ந்துவிடும். மூடி சரியில்லாத டப்பாவில் எத்தனை வாரம் வைத்தாலும் பலனில்லை. சாதாரண நெகிழி டப்பா மூடியை நம்பி விடாதீர்கள். ஓரத்தை மெழுகாலோ பசையாலோ அடைத்துவிடுங்கள்.

ஆல்ஃபா அளவீட்டுக்கு ஏன் நாள்கணக்கில் வேதி வேலை?

மாதிரியின் துகளுக்குள் சிக்கிய ஆல்ஃபா வெளியே வருவதற்குள் ஆற்றலை இழக்கும். முகடு இடப்பக்கம் வாலாக நீளும். எனவே தனிமத்தைக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் பரப்பியாக வேண்டும். எஃகு வில்லையில் மின்முலாம் போலப் படியவைக்கலாம். சீரியம் ஃபுளோரைடோடு நுண்வீழ்படிவாக்கி வடிகட்டியில் பிடிக்கலாம். அதை வெற்றிடத்தில், சிலிக்கான் டிடெக்டருக்கு எதிரே வைத்து, நாள் முழுக்க எண்ண வேண்டும்.

அதற்கு முன்னால் பிரிப்பு. புளூட்டோனியம்-238 ஆல்ஃபாவின் ஆற்றல் 5.50 மெகா எலக்ட்ரான் வோல்ட். அமெரிசியம்-241 ஆல்ஃபாவுக்கு 5.49. எவ்வளவு மெல்லிய படலமானாலும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும். எனவே புளூட்டோனியத்தைத் தனியாக எடுக்கிறோம். மாதிரிக் கரைசலில் அது மூன்று, நான்கு, ஆறு என்று பல ஆக்சிஜனேற்ற நிலைகளில் இருக்கலாம். சோடியம் நைட்ரைட்டு சேர்த்து எல்லாவற்றையும் நான்காம் நிலைக்குக் கொண்டுவந்து, 8 மோலார் நைட்ரிக் அமிலத்தில் எதிரயனிப் பரிமாற்ற ரெசின் (எதிர்மின் அயனிகளைப் பிடித்துவைக்கும் சிறு மணிகள்) வழியே விட்டால், புளூட்டோனியமும் தோரியமும் தங்கும், அமெரிசியம் கீழே இறங்கிவிடும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவினால் தோரியம் போகும். கடைசியில் அயோடைடு சேர்த்துப் புளூட்டோனியத்தை மூன்றாம் நிலைக்கு இறக்கினால் ரெசின் அதைக் கைவிட்டுவிடும். தனிமத்தின் குணத்தைப் பிடித்துக்கொண்டு அதை நாம் சொல்லும் இடத்தில் நிற்கவும் இறங்கவும் வைக்கும் இந்தக் கலை, எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்காத ஒன்று.

இப்போது பல ஆய்வகங்கள் இதே வேலையைச் சாறெடுப்பு வண்ணப்பிரிகை ரெசின்களைக் கொண்டு சில மணி நேரத்தில் முடிக்கின்றன. ஸ்ட்ரான்சியத்துக்கான ரெசினில் கிரௌன் ஈதர் மூலக்கூறு இருக்கும்; அதன் வளையத்துக்குள் ஸ்ட்ரான்சியம் அயனி பொருந்தி உட்காரும்.

பொலோனியம்-210 மட்டும் இரக்கமுள்ளது. வெதுவெதுப்பான நீர்த்த அமிலக் கரைசலில் வெள்ளித் தகட்டைப் போட்டால் தானே வந்து படியும். ஆனால் மாதிரியை உலையில் எரித்துச் சாம்பலாக்கினால் அது ஆவியாகிப் போய்விடும். அமிலத்தில் ஈரமாகவே செரிக்க வேண்டும்.

டிரேசர், கேரியர் என்ன வேறுபாடு?

டிரேசர் என்பது அதே தனிமத்தின் வேறொரு கதிரியக்க ஐசோடோப்பு. அளவு தெரிந்து, தொடக்கத்திலேயே சேர்க்கிறோம். புளூட்டோனியத்துக்கு 242, யுரேனியத்துக்கு 232, பொலோனியத்துக்கு 209. முடிவில் அதில் 60 சதவீதம் கிடைத்தால், நாம் தேடும் ஐசோடோப்பும் 60 சதவீதம்தான் மீண்டிருக்கிறது என்று திருத்திக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை உண்டு: டிரேசரும் மாதிரியில் உள்ளதும் ஒரே வேதி நிலைக்கு வந்திருக்க வேண்டும். கரையாத ஆக்சைடு துகளாகக் கிடக்கும் புளூட்டோனியம் அமிலத்தில் கரையாமல் நின்றால், டிரேசர் 90 சதவீதம் மீண்டாலும் விடை பொய். இத்தகைய மாதிரிகளைப் போரேட்டு உப்போடு உருக்கிக் கரைப்பதே பாதுகாப்பு.

கேரியர் என்பது மில்லிகிராம் கணக்கில் சேர்க்கும் கதிரியக்கமற்ற தனிமம். சில கோடி அணுக்கள் மட்டுமே உள்ள ஒரு பொருள் தானாக வீழ்படிவாகாது, துணை வேண்டும். 1938 டிசம்பரில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் நியூட்ரான் பட்ட யுரேனியத்தில் ரேடியம் உருவானதாக நினைத்து, பேரியத்தைக் கேரியராகச் சேர்த்துப் பிரித்தார்கள். பிறகு பேரியத்திலிருந்து அந்த ‘ரேடிய’த்தைப் பிரிக்க முயன்றபோது அது பிரியவே இல்லை. ஏனென்றால் அதுவே பேரியம்! யுரேனிய அணுக்கரு பிளந்த செய்தி அப்படித்தான் வெளிப்பட்டது. லீசே மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும் அதற்கு விளக்கம் தந்தார்கள். பின்னப் படிகமாக்கலை (திரும்பத் திரும்பப் படிகமாக்கிப் பிரிக்கும் முறையை) பொறுமையாகச் செய்த கைகள்தான் அதைக் கண்டன.

ஸ்ட்ரான்சியம்-90 முடிவு வர ஏன் இவ்வளவு தாமதம்?

அது காமா தராது. தனியாகப் பிரித்தெடுத்த பின், அதன் வழித்தோன்றலான இட்ரியம்-90 மீண்டும் வளரக் காத்திருக்கிறோம். இட்ரியத்தின் அரை ஆயுள் 64 மணி நேரம். இரண்டு வாரத்தில் சுமார் 97 சதவீதம் வளர்ந்துவிடும். இட்ரியத்தின் பீட்டா 2.28 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை போகும் என்பதால் வெறும் நீர்க் கரைசலிலேயே செரன்கோவ் ஒளி (நீரில் ஒளியைவிட வேகமாகப் போகும் துகள் தரும் ஒளி) தரும். ஸ்ட்ரான்சியத்தின் பீட்டா அந்த வேலைக்கு வலுவற்றது. எனவே ஒளிர்வுத் திரவமே சேர்க்காமல் இட்ரியத்தை மட்டும் எண்ணலாம். வளர்ச்சி 64 மணி நேரக் கணக்குக்கு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, பிரித்தது ஸ்ட்ரான்சியம்தானா என்பதற்குக் கிடைக்கும் இலவசச் சாட்சி.

டிரிட்டியம்?

இது ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பு. பீட்டா ஆற்றல் அதிகபட்சம் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். டிடெக்டரின் எந்தச் சாளரத்தையும் தாண்டாது. எனவே நீரையே ஒளிர்வுத் திரவத்தோடு கலந்து திரவ ஒளிர்வு எண்ணியில் வைக்கிறோம். முன்னதாக நீரைக் காய்ச்சி வடிக்க வேண்டும்; நிறமும் உப்பும் ஒளியை மங்கச் செய்யும். கலந்தவுடன் எண்ணக்கூடாது, வேதி ஒளிர்வு அடங்கும் வரை இருட்டில் வைத்திருக்க வேண்டும். நிலத்தடி நீரின் வயதை ஆராய்பவர்களுக்கு இதுவும் போதாது. ஒரு டிரிட்டியம் அலகு என்பது லிட்டருக்கு 0.118 பெக்கரல் (நொடிக்கு 0.118 சிதைவு) மட்டுமே. நீரை மின்னாற்பகுத்தால் இலேசான ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வாயுவாகப் போகும், டிரிட்டியம் மிச்ச நீரில் செறியும், அதை எண்ணலாம். டிரிட்டியம் பூசிய கைக்கடிகாரத்தோடு அந்த அறைக்குள் போகாதீர்கள்.

கதிரை எண்ணுவதா, ஐசிபி-எம்எஸ் (பிளாஸ்மா நிறை நிறமாலைமானி) கொண்டு அணுவை எண்ணுவதா?

ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஒரு சிதைவு. அந்த ஒரு பெக்கரலுக்கு எத்தனை அணு தேவை என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். அயோடின்-131 என்றால் சுமார் 10 லட்சம் அணுக்கள். சீசியம்-137 என்றால் சுமார் 137 கோடி. யுரேனியம்-238 என்றால் 2,000 கோடி கோடி. எடையில் சொன்னால் 80 மைக்ரோகிராம். அயோடின்-131ஐ எடையால் பிடிக்கப் பார்ப்பது வீண். அது தன் சிதைவாலேயே உரக்கக் கத்துகிறது. யுரேனியம் சிதைய 447 கோடி ஆண்டு அரை ஆயுள் எடுத்துக்கொள்கிறது. அதன் சிதைவுக்காகக் காத்திருப்பதுதான் வீண்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் யுரேனியத்துக்குச் சொல்லும் தற்காலிக வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். ஐசிபி-எம்எஸ் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் சில நிமிடத்தில் காட்டிவிடும். ஆர்கான் பிளாஸ்மாவின் பல ஆயிரம் டிகிரி வெப்பத்தில் மாதிரி அணு அணுவாக உடைந்து அயனியாகி, நிறையின்படி பிரிகிறது.

ஆனால் நிறை ஒன்றானால் இந்தக் கருவியும் ஏமாறும். டெக்னீசியம்-99 தேடும்போது ருத்தீனியம்-99 என்ற நிலையான ஐசோடோப்பு அதே இடத்தில் விழும். புளூட்டோனியம்-239 தேடும்போது யுரேனியம்-238 ஒரு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொண்டு 239 ஆகி நிற்கும். மண்ணில் யுரேனியம் பல லட்சம் மடங்கு அதிகம் என்பதால் இது சில்லறைப் பிழை அல்ல. தீர்வு மறுபடியும் ரெசின்தான்: யுரேனியத்தை முன்பே நீக்கிவிட வேண்டும். விலை உயர்ந்த கருவி வாங்கினால் வேதிப்பிரிப்பைத் தவிர்க்கலாம் என்று நம்புபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த எடுத்துக்காட்டைத்தான்.

நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வு இன்னும் தேவையா?

தேவை. 1936இல் வேதியியலாளர் ஹெவெசியும் இயற்பியலாளர் ஹில்டே லெவியும் தொடங்கிய முறை. மாதிரியை ஆய்வு உலையில் நியூட்ரானில் வைத்து, உருவாகும் காமா கதிர்களை அளக்கிறோம். இதன் தனிச்சிறப்பு, கதிரூட்டிய பிறகு ஏற்படும் சாதாரண மாசு முடிவைக் கெடுக்காது என்பது. கைப்பட்ட தூசில் உள்ள ஆர்செனிக் கதிரியக்கமற்றது, எண்ணிக்கையில் சேராது. கரைக்கவே வேண்டாம் என்பதால் கரைப்பதில் வரும் இழப்பும் இல்லை. ஈயம் போன்ற சிலவற்றை மட்டும் இதில் நன்றாகப் பார்க்க முடியாது.

பூச்சிக்கொல்லி, குளோரோஃபுளோரோகார்பன் போன்றவற்றுக்கும் அணு வேதியியலுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வாயு வண்ணப்பிரிகையில் பயன்படும் எலக்ட்ரான் கவர் டிடெக்டருக்குள் நிக்கல்-63 என்ற பீட்டா மூலம் இருக்கும். குளோரின் உள்ள மூலக்கூறு வந்தால் எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், மின்னோட்டம் குறையும். ஜேம்ஸ் லவ்லாக் 1957இல் உருவாக்கிய இந்தக் கருவியால்தான் 1970களின் தொடக்கத்தில் காற்றில் குளோரோஃபுளோரோகார்பன் எங்கும் பரவியிருப்பது தெரியவந்தது.

நீர் மாதிரி எடுத்ததும் அமிலம் சேர்க்க வேண்டுமா?

உலோகங்களுக்கு ஆம்: நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பிஎச் 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் புளூட்டோனியம், ஈயம், தோரியம் எல்லாம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கரைந்த பகுதி மட்டும் வேண்டுமென்றால் முதலில் வடிகட்டி, பிறகு அமிலம். வரிசை மாறினால் வண்டலில் ஒட்டியிருந்ததும் கரைந்து கணக்கில் சேர்ந்துவிடும். அமிலத்தை ஆய்வகத்தில்தான் சேர்க்க முடிந்தது என்றால், அதே புட்டியில் ஒரு நாளாவது விட்டுவைத்து, சுவரில் ஒட்டியது இறங்கிய பின் ஊற்றுங்கள்.

அயோடினுக்கு அமிலம் கூடாது, ஆவியாகிவிடும். கார்பன்-14க்கும் கூடாது. டிரிட்டியத்துக்கு வேண்டாம், இறுக மூடிய புட்டி போதும். பாதரசத்தை நெகிழிப் புட்டியில் எடுக்காதீர்கள். அது சுவரினூடே போகும், வெளியிலிருந்தும் வரும். ஒரே புட்டி நீரில் எல்லாவற்றையும் அளக்கச் சொல்லி அனுப்புபவர்கள் தெரியாமலே பாதி விடைகளை அழித்துவிடுகிறார்கள்.

‘கண்டறியப்படவில்லை’ என்றால் இல்லை என்று பொருளா?

இல்லை. அந்த அளவீட்டால் காண முடிந்த எல்லைக்குக் கீழே இருக்கிறது என்று மட்டுமே பொருள். 1968இல் லாய்ட் கரி தந்த சூத்திரம் இன்றும் அடிப்படை: பின்னணி எண்ணிக்கையின் (மாதிரி இல்லாமலே கருவி காட்டும் எண்ணிக்கையின்) வர்க்கமூலத்தை 4.65ஆல் பெருக்கி 2.71ஐக் கூட்டினால், நம்பிக்கையோடு கண்டறியக்கூடிய குறைந்தபட்ச நிகர எண்ணிக்கை கிடைக்கும். பின்னணி 100 என்றால் அது 49. எல்லையைத் தராமல் ‘கண்டறியப்படவில்லை’ என்று மட்டும் எழுதிய அறிக்கையை ஏற்காதீர்கள். பத்து நிமிடம் எண்ணிய ஆய்வகமும் மூன்று நாள் எண்ணிய ஆய்வகமும் அதே சொல்லைத்தான் எழுதியிருக்கும். கூடவே, வெற்று மாதிரியின் (மாதிரியே இல்லாமல் அதே படிகளைச் செய்து பார்த்ததன்) முடிவையும் கேளுங்கள். அமிலங்களிலும் வடிகட்டிகளிலும் உள்ள யுரேனியம் அங்கேதான் பிடிபடும்.

கதிரியக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியுமா?

பல நேரங்களில் முடியும், விகிதங்களைக் கொண்டு. சீசியம்-134 அணுகுண்டு வெடிப்பில் குறிப்பிடத்தக்க அளவில் உருவாவதில்லை. உலைக்குள் நீண்ட நாள் இருந்த எரிபொருளில்தான் உருவாகும். 1986இல் செர்னோபிலில் சீசியம்-134க்கும் 137க்கும் இருந்த விகிதம் சுமார் 0.5; 2011இல் ஃபுகுஷிமாவில் ஏறத்தாழ 1. சீசியம்-134இன் அரை ஆயுள் இரண்டு ஆண்டுதான் என்பதால் இந்தச் சாட்சி விரைவில் மங்கிவிடும்.

புளூட்டோனியம்-240க்கும் 239க்கும் உள்ள அணு விகிதம் நீடித்து நிற்கும். உலகெங்கும் படிந்த வெடிச்சோதனை எச்சத்தில் அது சுமார் 0.18, ஆயுதத்துக்கென்று தயாரித்ததில் அதைவிட மிகக் குறைவு. ஆல்ஃபா நிறமாலையில் இரண்டின் முகடுகளும் ஒன்றாகவே தெரியும் என்பதால் இதை நிறை நிறமாலைமானிதான் சொல்ல வேண்டும். 2017 இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளில் காற்று வடிகட்டிகளில் ருத்தீனியம்-106 தென்பட்டது. கூடவே சீசியமோ அயோடினோ இல்லை. உலை விபத்தானால் அவையும் வந்திருக்கும்; எனவே எரிபொருள் மறுசெயலாக்கம் போன்ற வேலையை நோக்கிச் சந்தேகம் திரும்பியது. இல்லாத முகடுகளும் சாட்சி சொல்லும்.

இந்த ஆய்வகங்களில் பெரிய ஆபத்து கதிர்வீச்சா?

சுற்றுச்சூழல் மாதிரிகளில் கதிரியக்கம் மிகக் குறைவு. மண்ணைக் கரைக்கப் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்குத்தான் நான் அஞ்சுவேன். தோலில் பட்டதும் வலிக்காமலே உள்ளே போய் இரத்தக் கால்சியத்தைக் குலைத்து உயிரையே எடுக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். தனியாக இருக்கும்போதும் திறக்காதீர்கள். பெர்குளோரிக் அமிலத்துக்கு அதற்கென்றே நீரால் கழுவும் வசதியுள்ள புகைப்போக்கி அறை வேண்டும்.

மாதிரி கொடுத்தால் எத்தனை நாளில் முடிவு வரும்?

நீரில் யுரேனியம் ஒரே நாளில் முடியும். மண்ணில் சீசியத்துக்கு, காயவைப்பதையும் சேர்த்து, சில நாட்கள். புளூட்டோனியத்துக்கு ஒன்றிரண்டு வாரம். ஸ்ட்ரான்சியம்-90க்கு மூன்று வாரம், ரேடியம்-226க்கு ஒரு மாதம் வரை. விபத்துக் காலத்தில் இட்ரியம் வளரக் காத்திராமல் ஸ்ட்ரான்சியத்தைப் பிரித்த உடனே எண்ணும் விரைவு முறைகள் உண்டு. புதிதாக விழுந்த எச்சத்தில் 50 நாள் அரை ஆயுளுள்ள ஸ்ட்ரான்சியம்-89உம் கலந்திருக்கும் என்பதால், அதே வில்லையைச் சில நாள் கழித்து மறுபடி எண்ணி இரண்டையும் பிரித்துக் கணக்கிட வேண்டும். ரேடியத்தை இரண்டே நாளில் தருவதாகச் சொன்னால், எந்த முகட்டிலிருந்து கணக்கிடுகிறார்கள், 186இல் யுரேனியத்தின் பங்கை எப்படிக் கழிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு மாதிரியைக் கொடுங்கள்.